நாவுக்கரசர் வடதிசைச் செலவு

சைவ மேடைகளில் திருநாவுக்கரசு நாயனாரின் கயிலைச் செலவு எடுத்துரைக்கப்படும்பொழுது, சொற்பொழிவாளர் பெரும்பாலும் ஓரிடத்திலேயே குரலை உயர்த்துவர். முனிவர் வடிவில் வந்த இறைவர் திரும்பிச் செல்லுமாறு பணிக்க, கயிலையைக் கண்டாலன்றித் திரும்புவதில்லை என்று அடிகள் மறுக்கும் இடம் அது. சித்திரைச் சதயத்தை ஒட்டி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நிகழும் குருபூசைக் கூட்டங்களுக்குச் சென்று வருவோர் இதனை நன்கு அறிவர். உறுதிப்பாட்டுக்கு அதுவே இலக்கணம் என்று இளைஞருக்குக் காட்டப்பெறும். அவையோர் கைகொட்டுவர், கதை அங்கேயே முற்றுப்பெற்றது போலக் கலைந்து செல்வர்.

சேக்கிழார் பெருமான் அங்கே கதையை முடிக்கவில்லை. மறுத்தவர் மீண்டார். மீண்ட பின்னரே அவர் காண விரும்பியதைக் கண்டார். கண்டது வடதிசையில் அன்று, காவிரிக் கரையில். இவ்வளவும் பெரியபுராணத்தில் வெளிப்படையாகக் கிடக்க, பாட்டின் நடுவே நின்றுவிட்டு அதனையே பாட்டின் முடிவாகக் கொள்ளுதல் முறையாகாது. அடிகள் எவ்வாறு சென்றார், எங்கே தனித்தார், எதனால் உடல் தேய்ந்தார், எவ்வழியால் மீண்டார் என்பவற்றை நூல் கிடந்த வரிசையிலேயே நோக்குவோமாயின், மேடையிற் கேட்பதினும் வேறானதொரு பொருள் புலப்படும். மனிதர் வழங்காத காட்டினுள் ஒருவர் தனியே புகுதலின் இடர் யாது என்பதைத் தமிழிலே சேக்கிழாரைப் போல் நுணுகிக் கண்டவர் மிகச் சிலரே என்பது எமது கருத்து.

செலவின் தொடக்கம் திருக்காளத்தி. அத்தலத்தைத் தென்கயிலை என்பது மரபு. அங்கே வழிபட்டு நின்றபோதுதான் வடகயிலையையும் காணவேண்டும் என்ற வேட்கை அடிகளுக்கு எழுந்தது என்கிறார் புலவர். அதே காளத்தியில் நின்றுகொண்டுதான் ஞானசம்பந்தப் பிள்ளையார் வடநாட்டுத் தலங்களைப் பாடியருளினார். அவர் அதற்கு அப்பால் வடக்கே செல்லவில்லை. இராமேச்சரத்தில் நின்றபடியே எமது கேதீச்சரத்தையும் கோணமலையையும் அவர் பாடினார் என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். கடல் கடவாமற் பாடியமையால் அப்பதிகங்களின் அருமை குன்றிவிட்டதென்று எவரும் கூறத் துணியார். ஆகவே, நேரிற் செல்லாது பாடுதலும் அடியார்க்கு உரிய நெறியாகவே இருந்தது. நாவுக்கரசர் அதனைக் கொள்ளவில்லை. கையில் உழவாரப்படை ஏந்தித் தலந்தோறும் நடந்தே சென்றவர் அவர். நடவாது காண்பது அவருக்குக் காட்சியாகத் தோன்றியிராது.

காளத்தியிலிருந்து திருப்பருப்பதம், பின்னர்த் தெலுங்கு நாடு, கன்னட நாடு, மாளவம், இலாடம், மத்திம பைதிரம். நாடுகளை இவ்வாறு பெயர் சுட்டிச் சொல்லிக்கொண்டு போகும் புலவர் சோழப் பேரரசின் அமைச்சராய் இருந்தவர் என்பதை மறத்தலாகாது. அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், 1022, 1023 ஆண்டளவில், முதலாம் இராசேந்திரனுடைய சேனை கங்கை வரை சென்று மீண்டிருந்தது. கங்கை வரையுள்ள நாடுகளின் பெயர்கள் சோழ அரண்மனையில் வழங்கிய பெயர்களே. வாரணாசி வரையும் சேக்கிழார் வழிகாட்டியைப் போலப் பேசுகிறார். வாரணாசிக்கு அப்பால் ஒரு நாட்டின் பெயரோ, ஊரின் பெயரோ, ஆற்றின் பெயரோ இல்லை. அடுத்து நாம் கேட்கும் ஊர்ப் பெயர் திருவையாறு. பெயரில்லாத நிலம் என்பதே அக்காட்டின் முதல் இயல்பு. வழி தவறியவன் எவ்வூருக்கு வழி கேட்பான்?

இவ்வாரணாசியிலேதான் கதையின் திருப்பம் நிகழ்கிறது. அதுகாறும் அடிகளோடு அடியார் கூட்டம் ஒன்று வந்தது. அவர்களை அங்கே நிறுத்திவிட்டு அடிகள் தனியே கங்கையைக் கடந்தார். அவர்கள் வர மறுத்தார்கள் என்றோ, தளர்ந்துவிட்டார்கள் என்றோ நூலில் இல்லை. விட்டுச் சென்றவர் அடிகளே. இதனைச் சேக்கிழார் ஒரு தொடரிற் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். உரை கூறுவோரும் பெரும்பாலும் போய்விடுகின்றனர். ஆனால் பின்னர் நிகழ்வன யாவும் இத்தொடரிலிருந்தே பிறக்கின்றன.

நம்மவர் காட்டுவழி யாத்திரையை அறியாதவர் அல்லர். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து செல்வோர் இன்றும் உளர். உகந்தை மலை முருகன் கோயிலைக் கடந்தால் குமுனை, யால வனங்கள். யானையும் கரடியும் உலாவும் அவ்வழியில், வெயிற்காலத்தில் நன்னீர் கிடைப்பது அரிது. வனத்துறையினர் வழி திறக்கும் நாட்களில் மக்கள் கூட்டங் கூட்டமாகப் புகுவர். முன்னர்ச் சென்று பழகியவர் முன்னே நடப்பார். முதியோரும் சிறுவரும் நடுவிற் செல்வர். எவரும் எழுதிவைத்த விதியன்று இது. காடே கற்பித்த விதி. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல் எடுக்க இமயம் சென்றபோது சேனையோடு சென்றான். முப்பத்திரண்டு திங்கள் கழித்து மீண்டான் என்று சிலப்பதிகாரம் நாள் கணக்கும் சொல்லும். பக்தரானாலும் மன்னரானாலும் துணையோடு செல்லுதலே தமிழர் வழக்கு. நாவுக்கரசர் செலவு அவ்வழக்குக்குப் புறம்பானது.

இனி அக்காட்டைப் புலவர் வருணிக்கும் திறத்தைக் காண்போம். இங்கே கற்போர் வியப்புறும் செய்தி ஒன்று உண்டு. கயிலை மலை இன்றைய அளவையின்படி ஏறத்தாழ 6,600 மீற்றர் உயரமுடையது. அதன் தெற்கே கிடக்கும் மானசரோவரமே ஏறக்குறைய 4,590 மீற்றர் உயரத்தில் உள்ளது. கயிலையை வலம் வருவோர் கடக்கும் தோல்மா கணவாய் 5,600 மீற்றருக்கும் மேற்பட்டது; அங்கே ஒரு மூச்சில் உட்கொள்ளும் உயிர்க்காற்றுக் கடற்கரையில் உட்கொள்வதிற் பாதியளவே. பனியும் கடுங்குளிரும் மூச்சுத் திணறலுமே அவ்வழியின் பகைகள். சேக்கிழார் கூறுவது இவற்றுள் ஒன்றையும் அன்று. அவர் காட்டும் நிலம் வெயிலாற் பிளந்து கிடக்கிறது. அப்பிளவுகளினூடே ஞாயிற்றின் கதிர் கீழிறங்கி நாகருலகையே சுடுகிறது. முனிவரும் பின்னர் அடிகளை நோக்கி, இவ்வெயிற் காட்டுக்கு ஏன் வந்தீர் என்றே வினவுகிறார்.

சோழநாட்டுப் புலவருக்குப் பனி தெரியாது, ஆதலால் தமக்குத் தெரிந்த பாலையைப் பாடிவிட்டார் என்று இதற்கு எளிதில் விடை கூறிவிடலாம். அவ்விடை பொருந்தாது. பெரியபுராணத்தின் தொடக்கமாகிய திருமலைச் சிறப்பை நோக்குக. பொன்மலையின்மேல் வெண்ணீறு பூசினாற்போன்ற பனிமலையின் பக்கத்தது கயிலை என்றே நூல் தொடங்குகிறது. பனியை முதற்பாட்டிற் பாடியவர் நாவுக்கரசர் செலவில் அதனை அறியாமல் விட்டிருத்தல் இயலாது, அறிந்தே விலக்கினார். எதற்காக?

தமிழ் மரபிலே சுரம் என்பது வெறும் நிலப்பெயர் அன்று. பாலைக்கெனத் தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் திரிந்த நிலையே அது என்று நம் முன்னோர் வகுத்தனர். அன்புடையோர் பிரியும் வழி அது. பொருள் தேடிப் போகும் தலைவன் தனியே நடப்பதும் அதில். தாயை விட்டுத் தலைவனோடு மகள் நீங்குவதும் அதில். அடிகளைக் கொண்டுசெல்வது காதல் என்று புலவர் மீண்டும் மீண்டும் சொல்கிறார். காதலாற் செல்பவர் கடக்கவேண்டிய நிலம் தமிழ்ப் புலவருக்குச் சுரமன்றி வேறு யாது? பனிமலையைப் பாடியிருந்தால் அது வடநாட்டின் இடராக மட்டும் நின்றிருக்கும். சுரத்தைப் பாடியமையால் அது தனிச்செல்வோன் எவனுக்கும் உரிய இடராயிற்று.

இச்சுரத்தில் இரவும் பகலும் வேறு வேறு விதமாய் அமைக்கப்பட்டிருத்தலையும் குறிப்பிடல் வேண்டும். இரவில் கொடுவிலங்குகள் அடிகளுக்குத் தீங்கு செய்ய அஞ்சி ஒதுங்குகின்றன. நஞ்சுடைய நாகங்கள் தம் படத்து மணியை விளக்காக ஏந்துகின்றன. வனத்தில் நாம் எவற்றை அஞ்சுவோமோ அவை அனைத்தும் துணையாகிவிட்டன. அங்ஙனமாயின் இடர் எங்கிருந்து வந்தது? கீரையும் கிழங்கும் கனியும் உண்பதையும் அடிகள் விட்டார். இரவிலும் நடையை நிறுத்தாதாயினார். உணவும் இல்லை, உறக்கமும் இல்லை. நில்லும் ஐயனே என்று சொல்ல ஒருவரும் இல்லை. புலியும் பாம்பும் விட்டுவைத்த உடலை அவருடைய வேட்கையே தேய்த்தது.

தேய்ந்த வரலாற்றைச் சேக்கிழார் ஈரமின்றி, ஒரு மருத்துவர் குறித்துவைப்பது போல், படிப்படியாகச் சொல்கிறார். முதலில் பாதம் பரடு வரை தேய்ந்தது. கைகளை ஊன்றித் தவழ்ந்தார். கைகளும் மணிக்கட்டு வரை தேய்ந்தன. மார்பினால் உந்தினார்; தசை சிதைந்து எலும்பு முறிந்தது. பின்னர்ப் புரண்டார். இறுதியில் புரளவும் இயலாது கிடந்தார். வழியின் நீளத்தைக் காவதத்தால் அளவாமல் உடலுறுப்புக்களால் அளந்த புலவர் இவர். இதனை உயர்வு நவிற்சி என்று தள்ளிவிடுவோர் ஒன்றை எண்ணுதல் நன்று. மனம் முன்னே ஓட உடல் பின்னே அறுந்து விழும் இந்நிலை, உயர்மலைகளில் தனித்து மாண்டோர் பலரின் வரலாற்றிலும் காணப்படுவதே.

இவ்விடத்தில் என் மாணாக்கன் ஒருவன் வகுப்பில் எழுப்பிய வினா நினைவுக்கு வருகிறது. நீற்றறையில் ஏழு நாள் அடைத்தபோது வேகவில்லை, நஞ்சூட்டியபோது சாகவில்லை, யானையை ஏவியபோது மிதிபடவில்லை, கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தபோது அமிழவில்லை. அத்தகையவருடைய பாதம் வெறுங் கல்லில் ஏன் தேயவேண்டும் என்று அவன் கேட்டான். நல்ல வினா. உரையாசிரியர்களிடம் ஆயத்தமான விடையை நாம் தேடவேண்டியதில்லை. புராணத்தின் அமைப்பே விடை கூறுகிறது. பல்லவ மன்னன் இழைத்த இடர்கள் பிறர் சுமத்தியவை. அங்கே அடிகள் தாமாக எதனையும் தேடிச் செல்லவில்லை. அருள் வந்து காத்தது, உடலில் ஒரு வடுவும் இல்லை. கயிலைச் செலவு தாமே தேடிக்கொண்ட இடர். அங்கே அருள் உடனே காக்கவில்லை. உடல் உடலின் நியதிப்படியே தேயுமாறு விடப்பட்டது. ஒரே அடியாரின் ஒரே வரலாற்றில் இவ்விரண்டையும் புலவர் எதிரெதிர் வைத்திருக்கிறார். அன்பின் பெருமையை அவர் குறைக்கவில்லை. ஆயினும், அன்பு இருப்பதனாலேயே வழி எளிதாகிவிடும் என்று சொல்ல அவர் இசையவுமில்லை.

முனிவர் வருகிறார். அகத்திணை பயின்றோர்க்கு இவர் புதியவர் அல்லர். சுரத்திடையே செல்வோரை எதிர்ப்படும் கண்டோர், பொழுது போயிற்று, வழி கொடியது, மேலே செல்லற்க என்று தடுப்பதைத் தொல்காப்பியர் வகுத்துவைத்தார். முனிவர் கூற்று அம்மரபிலேயே நிற்கிறது. கயிலை மனிதர் அடைதற்கு எளிதன்று, தேவர்க்கும் அரிது, திரும்பிச் செல்லுதலே இனி உமது கடமை. கண்டோர் எவரும் கூறக்கூடிய, கனிவும் நடைமுறையறிவும் கலந்த சொற்கள். அடிகள் மறுக்கிறார்.

அம்மறுப்பின் வலிமையை நாமும் உணராமலில்லை. வடதிசை நோக்கி உயிர்விடத் துணிதல் தமிழர்க்குப் பழகிய ஒன்று, கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான். ஆனால் அவன் கூடத் தன் பக்கத்தில் நண்பர் பிசிராந்தையாருக்கென ஓரிடம் ஒதுக்கிவைத்தான். அவரும் வந்து சேர்ந்தார். சாவதற்கும் துணை வேண்டியிருந்த மரபு அது. நாவுக்கரசர் பக்கத்தில் ஒதுக்கிவைத்த இடம் இல்லை.

இத்தகைய தனிச்செலவு நம் காலத்திலும் நிகழாமல் இல்லை. 1992 ஏப்பிரில் இறுதியில் கிறிஸ்தோபர் மக்கான்ட்லெஸ் என்னும் 24 வயது அமெரிக்க இளைஞன் அலாஸ்காவின் தெனாலி அருகேயுள்ள காட்டினுள் தனியே புகுந்தான். பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவன். தன் சேமிப்பைத் தருமத்துக்கு ஈந்துவிட்டு, பெற்றோர்க்கு இருப்பிடம் அறிவியாமல் இரண்டாண்டு அலைந்தவன். சிறிதளவு அரிசியும் ஒரு துப்பாக்கியும் சில நூல்களுமே அவன் கொண்டுசென்றவை. யூலை மாதத்தில் அவன் திரும்பிவர முற்பட்டான் என்பதுதான் இதில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தி. போகும்போது எளிதாய்க் கடந்த தெக்லனிக்கா ஆறு, உருகிய பனிநீரால் பெருகிக் கிடந்தது. ஆற்றைக் கடக்க உதவும் கம்பித் தொட்டி ஒன்று சிறிது தொலைவிலேயே இருந்தது. நுணுக்கமான நிலப்படம் அவனிடம் இல்லாமையால் அதனை அவன் அறியவில்லை. தான் தங்கியிருந்த கைவிடப்பட்ட பேருந்துக்கே மீண்டான். செப்டெம்பர் 6ஆந் திகதி அவனுடல் அங்கே கண்டெடுக்கப்பட்டது. மகிழ்ச்சி பிறரோடு பகிரும்போதே மெய்யாகிறது என்ற கருத்துப்பட, தான் வாசித்த நாவல் ஒன்றின் ஓரத்தில் அவன் எழுதிவைத்திருந்தான்.

1996இல் ஜோன் கிரக்கௌர் இவ்வரலாற்றை நூலாக்கினார்; 2007இல் அது திரைப்படமாயிற்று. நூலையும் படத்தையும் கண்டோர் பலர் அப்பேருந்தை நாடிச் செல்லத் தொடங்கினர். 2010இலும் 2019இலும் அவ்வாறு சென்ற பெண்கள் இருவர் அதே தெக்லனிக்கா ஆற்றில் மூழ்கி இறந்தனர். பலரைத் தேடி மீட்கவேண்டியதாயிற்று. ஈற்றில் 2020 யூனில் அரசினர் அப்பேருந்தை உலங்கு வானூர்தியால் தூக்கி அகற்றிவிட்டனர். பக்தரோடு இவ்விளைஞனை ஒப்பிடுதல் தகுமோ என்று அன்பர் சிலர் முகஞ் சுளிப்பர். பயனை நாம் ஒப்பிடவில்லை. கதையைப் படிப்போர் அதனை எவ்விடத்தில் நிறுத்துகின்றனர் என்பதையே ஒப்பிடுகிறோம். அவ்விளைஞன் புகுந்ததைக் கொண்டாடியவர்கள் அவன் திரும்ப முயன்றதைக் கவனியாது விட்டனர். நம் மேடைகளில் நாவுக்கரசர் மறுத்ததற்குக் கைகொட்டுவோர் அவர் மீண்டதைக் கவனியாது விடுகின்றனர்.

கயிலைக்குச் செல்வோர் நம் நாட்டிலும் உளர். அவர்களுட் பலர் முதியோர். இந்திய அரசினர் 1981இல் தொடங்கிய யாத்திரையிற் செல்வோர் மருத்துவச் சோதனைக்கு உட்பட்டுக் குழுக்களாகவே அனுப்பப்பெறுவர். 2020 முதல் தடைப்பட்டிருந்த அது 2025இல் மீண்டும் தொடங்கியது. குழுவாய்ச் செல்வதனால் மட்டும் மலை இரங்கிவிடாது. 1998 ஓகஸ்ட் 18ஆந் திகதி மால்பா என்னுமிடத்தில் நிகழ்ந்த மண்சரிவில் 200 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ 60 பேர் கயிலை யாத்திரிகர். துணை இருந்தும் இவ்வாறாயின், துணையின்றிச் செல்வோர் நிலையைக் கூறவேண்டியதில்லை. ஆயினும், அப்பர் அடிகளே தனியாகத்தானே போனார் என்று சொல்லிக்கொண்டு மருத்துவர் சொல்லையும் வழிகாட்டியின் சொல்லையும் புறக்கணிப்போரை நாம் கண்டிருக்கிறோம். பாட்டை அரைகுறையாய்ப் படித்ததன் விளைவு ஏட்டோடு நிற்பதில்லை.

புராணத்துக்கு மீள்வோம். மறுத்த அடிகளுக்கு முனிவர் மறைந்து அசரீரியாய் அருள்கிறார். தேய்ந்த உறுப்புக்கள் யாவும் நிரம்ப அடிகள் எழுகிறார். மறுத்தமையாலன்றோ அருள் வந்தது என்று வாதிப்போர் உளர். அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் அருளின் சொல் யாது? அங்குள்ள பொய்கையில் மூழ்குக; திருவையாற்றில் யாம் கயிலையில் இருக்கும் கோலத்தைக் காண்க என்பதே. முனிவர் சொன்னதும் திரும்புக என்பது; இறைவர் சொன்னதும் திரும்புக என்பது. அடிகள் உறுதி வென்றது என்பதைவிட, தடுத்த சொல்லே அருளாய் மாறி வந்தது என்பதுதான் நூலுக்குப் பொருந்தும்.

அப்பொய்கையைப் பற்றிப் புலவர் கூறும் நயம் ஒன்றை எடுத்துக்காட்டாமல் இருக்க இயலவில்லை. அது முன்னரே அங்கிருந்த நீர்நிலை அன்று. முனிவராய் வந்த இறைவர் தம்முடன் அதனைக் கொண்டே நடந்து வந்தார் என்கிறார். மீளும் வழியைக் கையோடு கொண்டுவந்தவர் என்க. தெக்லனிக்காக் கரையில் நின்ற இளைஞனுக்கு வாய்க்காதது இதுவே. மேலும், அடிகள் கயிலை சேர்தலை இறைவர் அருளாமைக்குக் காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது: இம்மண்ணில் அவர் இன்னும் தமிழ் பாடவேண்டும். உயிர்க்குறுதி தேடி உடலைத் துறக்க முற்பட்டவரிடம், உமது நாவுக்கு இன்னும் வேலை உண்டு என்று கூறித் திருப்பியது போலாயிற்று. காரைக்காலம்மையாரையும் இறைவர் கயிலையிலே இருத்திக்கொள்ளவில்லை. தென்திசைக்கு, திருவாலங்காட்டுக்கு அனுப்பினார். சேரமான் பெருமாளிடம், நாம் அழையாமல் நீ வந்தது ஏன் என்று கேட்டார். தோழர் சுந்தரர் முன்னே சென்றமையால் அவருக்கு உள்ளே இடம் கிடைத்தது. வடதிசைக்குத் தாமாகச் சென்றோரைப் பற்றிப் பெரியபுராணம் கொண்ட நோக்கு ஓரளவு ஒரு தன்மைத்தாகவே இருக்கிறது.

திருவையாற்றுப் பொய்கையில் எழுந்த அடிகள் பாடிய பதிகமே இவ்வாராய்ச்சிக்குத் தலையாய சான்று. அது சேக்கிழார் வாக்கன்று, அடிகளின் வாக்கு. மாதர்ப்பிறைக் கண்ணியானை எனத் தொடங்கும் அப்பதிகத்தின் முதற்பாட்டில் அவர் தம்மைப் பற்றி என்ன சொல்கிறார்? பூவும் நீரும் சுமந்து வழிபடச் செல்வோருக்குப் பின்னாலே தாமும் புகுவதாகச் சொல்கிறார். வாரணாசியில் உடன்வந்தோரைப் பின்னே நிறுத்திவிட்டுத் தனியே முன்சென்றவர், ஐயாற்றில் பெயரறியாத அடியார் கூட்டத்தின் பின்னே நடக்கிறார். காலடிச் சுவடு ஏதும் பதியாமல் வந்து சேர்ந்ததையும் அங்கேயே சொல்கிறார். பாதம் தேயத் தேய நடந்த வழி கொண்டுசேர்க்கவில்லை. சுவடில்லா வழியே கொண்டுசேர்த்தது.

அவர் கண்ட காட்சியோ தனிமைக்கு முற்றும் மாறானது. களிறு வருகிறது, பிடியோடு. கோழி வருகிறது, பெடையோடு. குயிலும் மயிலும் நாரையும் கிளியும் தத்தம் துணையோடு. இறுதியில் இளம் பசுவைத் தழுவிக்கொண்டு ஏறு. பதிகம் முழுவதிலும் ஓருயிர் கூடத் தனியே வரவில்லை. அம்மையும் அப்பனுமாய் உலகு நிற்பதைக் கண்டார் என்று சித்தாந்திகள் விளக்குவர், அவ்விளக்கம் செவ்விது. அதனோடு, துணையொழிந்து நடந்த ஒருவரின் கண்ணுக்கு முதலில் பட்டவை துணையோடு வரும் உயிர்களே என்பதையும் சேர்த்துக்கொள்ளுதல் தகும்.

ஐயாற்றின் பின் அடிகள் திருப்பூந்துருத்தியில் தங்கினார். பாண்டிநாட்டிலிருந்து மீண்ட ஞானசம்பந்தப் பிள்ளையார் அங்கே வரும் செய்தி கேட்டு எதிர்கொள்ளச் சென்றார். பெருங்கூட்டம், பிள்ளையாரின் முத்துச் சிவிகையைப் பலர் தாங்கி வருகின்றனர். அடிகள் ஒருவரும் அறியாதபடி அவர்களுக்கிடையே புகுந்து தாமும் தோள் கொடுத்தார். ஊரணித்தே வந்ததும் பிள்ளையார், அப்பர் எங்கே என்று வினவினார். சிவிகையின் கீழிருந்து விடை வந்தது.